ஆட்டுக்குட்டியும் பாசக்கயிறும்

மும்பைத் தீவின் கிழக்கு ஓரத்தில் அமைந்த வடாலா ஒரு காலத்தில் உப்பளங்களின் ஊராக இருந்தது. 1930-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியன்று ஆயிரக்கணக்கான மக்கள் அங்கிருந்த உப்புக் கிடங்கினுள் புகுந்து அறப்போர் நடத்திய செய்தி சுதந்திரப் போராட்ட வரலாற்றில் பதிவாகியுள்ளது. இன்று அந்தப் பகுதி முழுவதும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும், துறைமுக ஊழியர் விடுதிகளும், லாரிகள் நிற்கும் திடல்களும், குறுகிய சந்துகளும் நிறைந்துள்ளன. வடாலாவிலும் அதைச் சுற்றியுள்ள ஆண்டாப்ஹில், மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் மூன்று, நான்கு தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவர்களுள் பலருக்குச் சொந்த ஊர் தமிழகத்தின் தென்கோடியில் உள்ள கரிசல் காடோ, தேரி மணலோ, வானம் பார்த்த புஞ்சையோ ஆகும்.

கோடை விடுமுறையில் இக்குடும்பங்களின் பிள்ளைகள் ரயிலேறி ஊருக்குச் செல்கிறார்கள். தாத்தா வீட்டுத் தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் தோழன் பெரும்பாலும் ஓர் ஆட்டுக்குட்டியாகத்தான் இருக்கும். மாடு பெரியது, சற்று அச்சமும் தருவது. கோழி கைக்கு அகப்படாது. குட்டியோ தானே ஓடிவந்து விரலைச் சப்பும், சட்டை நுனியைக் கடிக்கும், திண்ணையிலிருந்து தாவிக் குதிக்கும். ஒரு மாதம் அதனோடு விளையாடிவிட்டு மும்பைக்குத் திரும்பும் குழந்தை, அடுத்த கோடையில் ஊருக்குள் நுழைந்தவுடன் கேட்கிறது: "தாத்தா, அந்தக் குட்டி எங்கே?"

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். "மேயப் போயிருக்கிறது" என்கிறார் ஒருவர். "அத்தை வீட்டில் இருக்கிறது" என்கிறார் மற்றொருவர். அது சந்தைக்குப் போய்விட்டது என்பதையோ, குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாய் அது என்பதையோ சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

வடாலாவிலேயே இதே கேள்வி வேறொரு மொழியிலும் எழுவதுண்டு. பக்ரீத்துக்கு முன்னைய நாட்களில், செம்பூரை அடுத்த தேவ்னார் சந்தைக்கு ராஜஸ்தான், குஜராத் முதலிய மாநிலங்களிலிருந்து ஆடுகள் பெருந்திரளாக வந்து சேர்கின்றன. வாங்கிய ஆட்டைச் சில நாட்கள் வீட்டு வாசலில் கட்டி வைத்து, தழை கொடுத்து, குளிப்பாட்டி வளர்க்கும்போது அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் அதனிடம் நட்பு உண்டாகிவிடுகிறது. பிறகு அங்கும் அதே பிரிவு, அதே கண்ணீர். எந்தச் சமயத்தைச் சேர்ந்த குழந்தையானாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அன்பு வைக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

இக்கேள்வியைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்கிவிட இயலாது. நம் சாஸ்திரங்கள் இதே கேள்வியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்திருக்கின்றன. அந்த ஆராய்ச்சிக்குச் செல்லுமுன், விவசாய வீட்டில் ஆட்டோடு வளரும் குழந்தை உண்மையில் என்ன கற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

குட்டி பிறந்த வீடு

2019-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 14.9 கோடி வெள்ளாடுகள் இருந்தன; தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 99 லட்சம். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெரும் பண்ணைகளில் வளர்பவை அல்ல. இரண்டு, நான்கு, பத்து என்று வீட்டோடு வளர்பவை. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்தில் முகத்தின் இருபுறமும் கோடு ஓடும் கரிய நிறக் கன்னி ஆடும், நெடிய கால்களும் வெள்ளை உடலில் கறுப்போ சிவப்போ தெளித்தாற் போன்ற புள்ளிகளும் உடைய கொடி ஆடும் பெயர் பெற்றவை. சேலம், தருமபுரிப் பக்கத்தில் சேலம் கருப்பு. "ஏழையின் பசு" என்று வெள்ளாட்டைச் சொல்வது வழக்கம். மழை பொய்த்த ஆண்டில் பயிர் கைவிட்டாலும் ஆடு கைவிடாது என்பது புஞ்சைக் காட்டு மக்களின் அனுபவம். பள்ளிக் கட்டணமும், மருத்துவச் செலவும், மகளின் திருமணத்துக்கு ஒரு பவுனும் ஆட்டை விற்ற பணத்திலிருந்தே வருகின்றன. ஆகவே, குட்டியை விற்ற தாத்தாவைக் கல்நெஞ்சர் என்று கருதுவதற்கு இல்லை. பேரனின் தந்தை மும்பைக்கு ரயிலேறிய பயணச்சீட்டே ஒரு கிடாயின் விலையாக இருந்திருக்கலாம்.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள் பிறக்கும். பிறந்த சிறிது நேரத்திலேயே குட்டி தடுமாறி எழுந்து நிற்கும். தாய் அதை நக்கி நக்கி அதன் மணத்தைத் தனக்குள் பதித்துக்கொள்ளும். அந்த முதல் நேரத்தில் குட்டியைத் தாயிடமிருந்து அதிகம் பிரித்து வைத்தால், தன் குட்டியையே அது முட்டித் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் ஆசையோடு தூக்க வரும் குழந்தையிடம் பாட்டி முதலில் சொல்லும் சொல், "இப்போது தொடாதே" என்பது. தொட வேண்டும் என்ற ஆசை எழும் வேளையிலேயே தொடாமல் இருக்கவும் குழந்தை பழகிக்கொள்கிறது. ஆன்மிக வாழ்வில் தமம் என்று கூறப்படும் புலனடக்கத்துக்கு இதைவிட எளிய தொடக்கப் பாடம் இருப்பதாகத் தெரியவில்லை.

பிறகு குழந்தைக்கு வேலைகள் வருகின்றன. சீம்பாலை அன்றே குட்டி குடித்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மூன்று குட்டி ஈன்ற ஆடாயின், மெலிந்த குட்டிக்குப் புட்டியில் பால் புகட்ட வேண்டும். இரவில் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் குட்டிகளை நாய், நரியிடமிருந்து காக்க வேண்டும். பனி உலர்வதற்கு முன் மேய்ச்சலுக்கு ஓட்டக் கூடாது. ஈரப் புல்லின் வழியாகக் குடற்புழு ஏறும். இளஞ்சோளப் பயிரில் வாய் வைக்க விடக் கூடாது. அதில் நஞ்சு உண்டு, சிறிது நேரத்தில் ஆடு சுருண்டு விழுந்துவிடும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரி நோய்க்கும் பருவத்தில் தடுப்பூசி போட வேண்டும். இவற்றில் ஒன்றையும் குழந்தை தன் விருப்பப்படி செய்ய இயலாது. மழை பெய்தாலும் காய்ச்சல் வந்தாலும் ஆடு பசியோடு கத்தும். யாராவது தழை ஒடித்துப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். செல்லம் மிகுந்து குட்டிக்குச் சோறும், அரிசியும், இனிப்பும் அள்ளி ஊட்டும் குழந்தைகள் உண்டு. தழை தின்பதற்கென்றே அமைந்த நான்கு அறை வயிற்றில் மாவுப்பொருள் மிகுந்து சேர்ந்தால், அது புளித்து, வயிறு உப்பி, ஆடு இறந்துபோகும். நகரத்துச் சந்துகளில் வளரும் ஆடுகளுக்கு இந்த விபத்து அடிக்கடி நேர்கிறது. அதேபோல், கிடாய்க் குட்டியின் நெற்றியில் கையை வைத்துத் தள்ளி முட்டப் பழக்கி விளையாடுவதும் வழக்கம். ஓராண்டு கழித்து அதே கிடாய் கொம்போடு விளையாட வரும்போது, முட்டுகிறது என்ற குற்றத்துக்காகவே அது முதலில் விற்கப்படும். அன்பு மட்டும் போதாது, எதன்மேல் அன்பு வைத்தோமோ அதன் இயல்பை அறிந்திருக்கவும் வேண்டும் என்பதை ஆட்டுக்கொட்டில் கண்டிப்பான ஆசிரியரைப் போலக் கற்பிக்கிறது.

ஆட்டின் பக்கத்திலிருந்தும் இந்த உறவு வெறும் கற்பனையன்று. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், குட்டி பிரிந்து பல மாதங்கள் கழிந்த பின்னும் தாய் ஆடு தன் குட்டியின் பழைய குரலுக்குச் செவி சாய்ப்பதாகக் கண்டார்கள். அதே பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், திறக்க இயலாத ஒரு பெட்டியின் முன் நின்ற ஆடுகள், உதவி கேட்பனபோல் அருகிலிருந்த மனிதரின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன. ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஈரானின் மலைப்பகுதிகளில் தொடங்கிய பழக்கம் இது. நம்மை நிமிர்ந்து பார்த்து உதவி கேட்கும் ஓர் உயிரை நாம் வளர்க்கிறோம், பிறகு விற்கிறோம். குழந்தையின் கேள்விக்கு இருக்கும் கனம் இதுதான்.

பரதரின் மான்

பரதரின் கதையை அறியாதவர் இல்லை. ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் அதை விரிவாகக் கூறுகிறது. விஷ்ணு புராணத்திலும் அது உண்டு. பெரும் அரசராக விளங்கிய பரதர் நாட்டைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் புரிகிறார். ஒரு நாள் சிங்கத்தின் கர்ஜனை கேட்டு மிரண்ட சினை மான் ஒன்று நதியைத் தாவும்போது குட்டியை ஈன்று உயிர் விடுகிறது. வெள்ளத்தில் மிதந்த குட்டியைப் பரதர் எடுத்து வளர்க்கிறார். புல் தேடித் தருகிறார், ஓநாய்க்கு அஞ்சிக் காக்கிறார், தோளில் சுமக்கிறார். பூஜையின் நடுவில் எழுந்துபோய் மான் எங்கே என்று பார்த்துவிட்டு வருகிறார். மெல்ல மெல்ல ஜபமும் பூஜையும் நழுவுகின்றன. இறக்கும் தறுவாயில் அந்த மானையே நினைத்து, மறுபிறவியில் மானாகப் பிறக்கிறார்.

இக்கதையைச் சொல்லி, "பார்த்தாயா, பிராணிகளிடம் பாசம் வைத்தால் இப்படித்தான்" என்று முடிப்பவர்கள் பலர். அவ்வாறு கூறுவது கதைக்கு நியாயம் செய்வதாகாது. வெள்ளத்தில் போகும் குட்டியைப் பார்த்துக்கொண்டே பரதர் கண்மூடித் தியானத்தில் அமர்ந்திருந்தால், பாகவதம் அவரைப் புகழ்ந்திருக்குமா? சரணடைந்த உயிரைக் காப்பது அறம் என்பதை நம் நூல்கள் எங்கும் மறுக்கவில்லை. நதியில் இறங்கிய கணத்தில் பரதர் செய்தது தூய கருணை. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. 'இந்த மானுக்கு என்னையன்றி வேறு கதி இல்லை, தாயும் தந்தையும் உறவும் நானே' என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றுவதைப் பாகவதம் நுணுக்கமாகக் காட்டுகிறது. குட்டி வளர்ந்து தன் இனத்தோடு சேரும் பருவம் வந்தபோதும் அவர் மனம் அதை விடவில்லை. காணாமல் போன மானுக்காக அவர் புலம்பும் பகுதியில், மானின் நலத்தைவிட அவருடைய ஏக்கமே ஓங்கி ஒலிக்கிறது. கருணை 'மமகாரம்' ஆக, அதாவது 'என்னுடையது' என்னும் உரிமையாக, மாறிய இடம் அதுதான்.

விவசாய வீட்டுக் குழந்தையின் நிலை இவ்வகையில் பரதரின் நிலையைவிடப் பாதுகாப்பானது. ஆடு தன்னுடையது அல்ல என்பது தொடக்கத்திலிருந்தே அதற்குத் தெரியும். தமிழக கிராமங்களில் 'வாரத்துக்கு வளர்ப்பது' என்றொரு வழக்கம் உண்டு. ஆடு வாங்க வசதியில்லாத குடும்பத்திடம் வசதியுள்ளவர் ஒரு பெட்டையாட்டை ஒப்படைப்பார். வளர்ப்பவர் அதை மேய்த்துப் பேணுவார். பிறக்கும் குட்டிகளில் இருவருக்கும் பங்கு. அந்த வீட்டுச் சிறுவன் தினமும் தழை போடுவதும், இரவில் எழுந்து பார்ப்பதும் இன்னொருவருடைய ஆட்டுக்காக. ஆயினும் அவன் அன்பில் குறைவு இருப்பதில்லை. தர்மகர்த்தா மனப்பான்மை என்று பெரிய சொற்களில் நாம் பேசுவதை அந்தச் சிறுவன் பெயர் தெரியாமலேயே கடைப்பிடிக்கிறான்.

பேலூரில் ஒலித்த மணிகள்

1900-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் இதே ஜடபரதர் கதையைச் சொற்பொழிவாக ஆற்றியவர் சுவாமி விவேகானந்தர். மேற்கு நாடுகளிலிருந்து திரும்பிய பிறகு, தம் வாழ்வின் இறுதி மாதங்களில், பேலூர் மடத்தில் அவர் செய்தது என்ன? பிராணிகளை வளர்த்தார்! பசுக்கள், செம்மறிகள், வாத்துகள், ஒரு மான், ஒரு நாரை, பாகா என்னும் நாய், ஹன்ஸி என்னும் பெண் வெள்ளாடு, மட்ரு என்னும் ஆட்டுக்குட்டி என்று மடத்து வளாகத்தில் ஒரு சிறு கூட்டமே இருந்தது. அவற்றுக்குத் தீனி ஒழுங்காகக் கிடைக்கிறதா, தங்குமிடம் தூய்மையாக உள்ளதா என்று தாமே பார்த்துக்கொண்டார். சுவாமி சதானந்தர் அவருக்கு இதில் வலக்கை. மடத்தின் தோட்டம் சுவாமி பிரம்மானந்தரின் பொறுப்பில் இருந்தது. சுவாமிஜியின் பிராணிகள் எல்லை தாண்டிக் காய்கறிப் பாத்தியில் புகும். உடனே குருசகோதரர் இருவருக்கும் இடையே பெரும் 'வழக்கு' நடக்கும். உலகம் வியந்து கேட்ட வேதாந்தியும், ஆழ்ந்த சமாதி நிலைகளில் திளைத்த மகானும் ஆடு மேய்ந்த கத்தரிச் செடிக்காக வாதாடிய காட்சியைக் கண்ட இளம் துறவிகள் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டிருப்பார்கள்.

மட்ருவின் கழுத்தில் சுவாமிஜி சிறு மணிகளைக் கட்டியிருந்தார். அது அவர் பின்னாலேயே ஓடும். அவரும் சிறுவனைப்போல் அதனோடு ஓடி விளையாடுவார். தேநீருக்குப் பால் வேண்டுமானால், ஹன்ஸியிடம் சென்று கெஞ்சிக் கேட்பாராம், கொடுப்பதும் மறுப்பதும் அதன் விருப்பம் என்பதுபோல. இதை விளையாட்டு என்று மட்டும் கொள்ளத் தோன்றவில்லை. நாம் வளர்க்கும் உயிரிடமிருந்து ஒன்றைப் பெறும்போது, அது நமக்கு உரிமைப்பட்டது என்று எடுத்துக்கொள்ளாமல், அது தருகிறது என்று பெறும் மனநிலை அதில் இருக்கிறது.

பிறகு மட்ரு இறந்தது. சுவாமிஜி குழந்தையைப்போல் வருந்தினார். தாம் யாரிடம் அன்பு வைக்கிறாரோ அவர் விரைவில் பிரிந்துவிடுகிறார் என்று மனம் நொந்து கூறியதாக அவரது வாழ்க்கை வரலாறு தெரிவிக்கிறது. அதன்பின் அதிக காலம் செல்லாமல், 1902-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அவரும் மகாசமாதி அடைந்தார்.

ஜடபரதர் கதையை நன்கு அறிந்தவர், ஒரு மான் குட்டியால் முனிவர் ஒருவர் மறுபிறவிக்கு ஆளானார் என்று பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவர், தாமே ஓர் ஆட்டுக்குட்டிக்காக ஏன் வருந்தினார்? இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். பேலூரில் மட்ரு இருந்த நாட்களில் சுவாமிஜியின் வேறெந்தக் கடமையும் நழுவவில்லை. பிரம்மசாரிகளுக்கு வகுப்பு நடந்தது, தியானம் நடந்தது, மடத்தில் நிலம் திருத்த வந்த சந்தாலித் தொழிலாளர்களுக்கு விருந்து படைத்து அவர்களில் நாராயணனைக் கண்டதும் அதே காலத்தில்தான். பரதரிடம் மான் வளர வளர உலகம் சுருங்கி ஒரு மானின் அளவாயிற்று. சுவாமிஜியிடமோ எல்லா உயிர்க்கும் விரிந்திருந்த அன்பு ஒரு குட்டியிடமும் சென்றது. பிரிவின்போது அவர் துயரத்தை மறைக்கவும் இல்லை, அதில் நின்றுவிடவும் இல்லை. வருந்தாமல் இருப்பதே பற்றின்மை என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை மீண்டும் ஒருமுறை படிப்பது நல்லது.

உபநிடதத்தில் இரண்டு ஆடுகள்

ஆட்டை நேரடியாகவே உவமையாகக் கொண்ட மந்திரம் ஒன்று சுவேதாசுவதர உபநிடதத்தின் நான்காம் அத்தியாயத்தில் ஐந்தாவதாக வருகிறது. சிவப்பு, வெண்மை, கருமை என்னும் மூன்று நிறங்களும் கொண்ட ஒரு பெண் ஆடு. தன்னைப்போலவே நிறம் கொண்ட பல குட்டிகளை அது ஈனுகிறது. அதனருகே இரண்டு ஆண் ஆடுகள். ஒன்று அதன்மீது விருப்பம் கொண்டு அருகிலேயே கிடக்கிறது. மற்றொன்று, அனுபவித்து முடித்து, அதை விட்டு விலகிச் செல்கிறது.

'அஜா' என்ற வடசொல்லுக்கு ஆடு என்றும், பிறப்பற்றது என்றும் இரு பொருள் உண்டு. இதைக் கொண்டு சாங்கியர்கள், பிறப்பற்ற பிரகிருதியையே இம்மந்திரம் கூறுகிறது என்றும், மூன்று நிறங்கள் ரஜஸ், சத்துவம், தமஸ் என்னும் முக்குணங்கள் என்றும் வாதிட்டனர். பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம், நான்காம் பாதத்தில் எட்டு முதல் பத்து வரையிலான சூத்திரங்கள் இந்த வாதத்தை எடுத்துக்கொள்கின்றன. சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு சாங்கியப் பிரகிருதிதான் இது என்று முடிவு கட்ட இயலாது. சாந்தோக்கிய உபநிடதம் நெருப்புக்குச் சிவப்பும், நீருக்கு வெண்மையும், மண்ணாகிய அன்னத்துக்குக் கருமையும் கூறுவதைத் துணைக்கொண்டு பொருள் கொள்ள வேண்டும் என்பது வேதாந்தத்தின் விடை. 'அஜா' என்பது பிறப்பற்றது என்ற பொருளில் வந்த சொல்லன்று, ஓர் உருவகம்தான் என்று சங்கரர் விளக்குகிறார். உலகில் தற்செயலாக மூன்று நிறமும் கொண்ட ஓர் ஆடு இருக்கலாம்; தன்னை ஒத்த குட்டிகள் பலவற்றை அது ஈனலாம்; ஒரு கிடாய் அதனிடம் கிடக்கலாம், இன்னொன்று விலகலாம். அதுபோலத்தான் இதுவும் என்கிறார்.

பாஷ்யத்தின் இந்த வரிகளை ஊன்றிக் கற்பவர்கள், தர்க்கத்தின் வேகத்தில் அந்த ஆட்டைக் கவனிக்காமல் கடந்துவிடுவதுண்டு. ஆட்டுக்கொட்டிலின் பக்கத்தில் நின்று பார்த்திராத ஒருவர் இம்மந்திரத்தைச் சொல்லியிருக்க முடியாது. தாயின் நிறம் குட்டிகளிடம் கலந்து வருவதையும், ஒரே கொட்டிலில் ஒரு கிடாய் நகராமல் கிடப்பதையும், மற்றொன்று தலையைத் திருப்பிக்கொண்டு போவதையும் அந்த ரிஷி கண்டிருக்கிறார். ஆடு வளர்ப்பதைப் பற்றி இம்மந்திரம் பேசவில்லை. இயற்கையின் பிடியில் உள்ள ஜீவனையும், அதிலிருந்து விடுபட்ட ஜீவனையும் பற்றியே பேசுகிறது. எனினும் விலகிப் போகும் ஆட்டைப் பற்றி ஒன்று கவனிக்கத்தக்கது. அது தொடக்கத்திலிருந்தே தொடாமல் ஒதுங்கி நின்ற ஆடு அல்ல. நெருங்கி, அனுபவித்து, அறிந்து, பிறகு சென்ற ஆடு. உறவை அறியாதவன் உறவை விட்டான் என்று கூறுவதில் பொருள் ஏது?

வடாலாவில் உள்ள பழமையான விட்டலன் கோவிலுக்கு ஆஷாட ஏகாதசியன்று பண்டரிபுரம் செல்ல இயலாத பக்தர்கள் பெருந்திரளாக வருகிறார்கள். இடுப்பில் கை வைத்து நிற்கும் அந்த விட்டோபா, ஆதியில் ஆடு, மாடு மேய்ப்பவர்களின் தெய்வமாக இருந்தவர் என்பது மராத்திய அறிஞர் ரா. சி. டேரே தம் ஆய்வில் முன்வைத்த கருத்து. இன்றும் ஆடு மேய்க்கும் தங்கர் குலத்தவர் அவரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர்கள். மந்தையோடு ஊர் ஊராக நடந்து, ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு செல்லும் தங்கர் கிழவருக்கும், அதே குட்டிகளை விற்றுத்தான் வாழ்க்கை.

குழந்தைக்கு என்ன சொல்வது?

தாத்தாவின் முன் நிற்கும் குழந்தைக்கு வருவோம். "அத்தை வீட்டில் இருக்கிறது" என்ற பதில் குழந்தையின் கண்ணீரைத் தடுப்பதற்காகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதனால் காக்கப்படுவது பெரும்பாலும் பெரியவரின் சங்கடமே. இரண்டு கோடைகளில் குழந்தை உண்மையைத் தானே தெரிந்துகொண்டுவிடும். அப்போது அது ஆட்டை இழந்த துக்கத்தோடு, தாத்தாவின் சொல்லையும் இழக்கிறது. இரண்டாவது இழப்பு முதலாவதைவிடப் பெரியது.

தாம் பெறுவதைப் பற்றி ஒருவர் தம்மிடமே உண்மையாக இருப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஆட்டுப் பாலைச் சார்ந்த ஒரு நிகழ்ச்சியே சான்று. கல்கத்தாவில் பசுவையும் எருமையையும் கொடிய முறையில் கறப்பதைப் பற்றி அறிந்த காந்தியடிகள், பால் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டிருந்தார். 1918-இல் கடும் வயிற்றுக்கடுப்பால் நலிந்த அவரிடம், பால் அருந்தாமல் உடல் தேறாது என்று மும்பை மருத்துவர் தலால் கூறினார். விரதம் எடுத்தபோது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தானே, ஆட்டுப் பால் அருந்தலாமே என்றார் கஸ்தூரிபா. காந்தியடிகள் அதை ஏற்றார். உலகம் அவரோடு இணைத்துப் பேசும் ஆட்டுப் பாலின் தொடக்கம் அதுவே. ஆனால் அவர் தம் சுயசரிதையில் இதை ஒரு வெற்றியாக எழுதவில்லை. விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரைக் கைவிட்டுவிட்டதாக, உறுத்தலோடு பதிவு செய்தார். தம் உடலுக்கு ஆடு தந்ததை மறைக்காமலும், அதற்கு நியாயம் கற்பிக்காமலும் இருந்தார்.

குழந்தையிடமும் அதே நேர்மை தேவை. ஐந்து வயதுக் குழந்தைக்கு எல்லா விவரமும் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஆனால் சொல்வது பொய்யாக இருக்கக் கூடாது. "விற்றுவிட்டோம். அந்தப் பணத்தில் அக்காவுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினோம். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது." இவ்வளவு போதும். குழந்தை அழுதால் அழட்டும். "ஆட்டுக்குப் போய் அழுவார்களா?" என்று யாரும் கேலி செய்ய வேண்டாம். குழந்தை மேலும் கேட்கலாம். "நான் இனிமேல் கறி சாப்பிட மாட்டேன்" என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் சிரிக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த முடிவு நிலைக்குமோ நிலைக்காதோ, ஓர் உயிரின் பொருட்டுத் தன் நாவை நோக்கி எழுப்பிய முதல் வினா அது. குடும்பத்தில் அதற்கு இடம் தர முடிந்தால் தருவது சிறப்பு. நேர்ந்துவிட்ட கிடாயை அறுக்காமல் தெய்வத்தின் பெயரால் கோவிலிலேயே விட்டுவிடவும் குடும்பத்தார் முடிவு செய்யலாம்; அத்தகைய முடிவுக்குச் சில சமயம் வீட்டுக் குழந்தையே காரணமாகிவிடுகிறது.

மற்றொன்று, வரும் கோடையிலும் குட்டி உண்டு என்பதைக் குழந்தைக்குக் காட்ட வேண்டும். நல்ல தாய் ஆட்டைப் பல வீடுகளில் எளிதில் விற்பதில்லை. அது மூப்படையும் வரை அதே கொட்டிலில் இருக்கும். கடந்த ஆண்டுக் குட்டியின் தாயிடம் குழந்தையை அழைத்துச் சென்று, அதன் கையில் ஒரு கொத்து அகத்தித் தழையைக் கொடுக்கலாம். வடாலாவில் நாள் முழுவதும் கான்கிரீட்டைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிடங்கள் மிகவும் அவசியம்.

சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்றைக் கூறுகிறது. பசு என்பது கட்டுண்ட உயிர். பாசம் என்பது அதைக் கட்டிய கயிறு. தமிழ் மக்கள் வீட்டுப் பேச்சில் அந்தக் கயிற்றின் பெயரையே அன்புக்கும் இட்டுவிட்டார்கள். மாடு விற்கும்போது கயிற்றை வாங்குபவரிடம் கொடுக்காமல் அவிழ்த்துத் தம்மோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தின் பல பகுதிகளில் உண்டு. ஆட்டுக்கும் அதைக் கடைப்பிடிக்கும் வீடுகள் இருக்கின்றன. வாங்க வந்தவர் தம் கயிற்றைக் கட்டி ஆட்டை இழுத்துச் செல்கிறார். பழைய கயிறு கொட்டிலின் ஓரத்து முளையில் சுற்றிக் கிடக்கிறது, அடுத்த சினையாட்டின் மாதத்தைத் தாத்தா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்.